வால்-ஈ படம் ஒருவருக்கு உயிர், இன்னொருவருக்குக் கொட்டாவி. ஏன் இப்படி?

கேள்வி கேட்டவர் தன் வீட்டில் நடந்த சண்டையை எழுதியிருக்கிறார். 2008-இல் வந்த பிக்ஸாரின் ‘வால்-ஈ’ அனிமேஷன் படத்தைக் குடும்பத்தோடு பார்த்தார்களாம். அவருக்குப் படம் அவ்வளவு பிடித்துவிட்டது. மனைவி பாதியில் தூங்கிவிட்டார். அண்ணன், ‘முதல் பாதி கவிதை, இரண்டாம் பாதி சொதப்பல்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பெரிய பையன் ‘சயின்ஸே தப்பு’ என்று எழுந்து போய்விட்டான். இதில் யார் சொல்வது சரி, அன்று படம் பார்க்காத ஆறு வயது மகளுக்குப் போட்டுக் காட்டலாமா என்பது கேள்வி.

மகளுக்குத் தாராளமாகக் காட்டலாம், அதற்குக் கடைசியில் வருகிறேன். சண்டையைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் யாரும் தப்பாகப் பார்க்கவில்லை. இந்தப் படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, பூமியில் நடக்கும் ஊமைப்படம். மற்றது, விண்கப்பலில் நடக்கும் நையாண்டிப் படம். முதல் படத்தில் நாம் ஒரு ரோபோவை வேடிக்கை பார்க்கிறோம். இரண்டாவதில் படம் நம்மை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுகிறது. இந்தத் திருப்பத்தில் யார் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்பதில்தான் கட்சி பிரிகிறது.

படம் ஓடவில்லை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். 18 கோடி டாலர் செலவில் எடுத்து, உலகம் முழுக்க 50 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது. ஆறு பிரிவுகளில் ஆஸ்கர் பரிந்துரை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருதை வாங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் விமர்சகர்கள் சங்கம் அந்த ஆண்டின் சிறந்த படம் என்றே இதைத் தேர்ந்தெடுத்தது. அனிமேஷன் என்று தனியாக ஒதுக்காமல், எல்லாப் படங்களோடும் போட்டியில் வைத்து! ஆகவே விமர்சகர் ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்ற வழக்கமான கதை இங்கே எடுபடாது. பிரிவு ஒரே சோஃபாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குள் நடக்கிறது.

தூங்கியவரை முதலில் பார்ப்போம். படம் 2805-இல் தொடங்குகிறது. குப்பை மலையாகக் குவிந்துபோன பூமியை விட்டு மனிதர்கள் கிளம்பி 700 ஆண்டுகள் ஆகிவிட்டன. மனிதர்கள் நிறுத்த மறந்துபோன வால்-ஈ என்ற ஒரு ரோபோ மட்டும் தினமும் குப்பையைத் தன் வயிற்றில் போட்டு அமுக்கிக் கட்டியாக்கி, கட்டடங்களை விட உயரமாக அடுக்கிக்கொண்டிருக்கிறது. துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி. அரை மணி நேரத்துக்கும் மேல் வசனம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. ‘எப்பப்பா கதைக்குள்ள போவாங்க’ என்று காத்திருப்பவருக்கு இது சோதனைதான், மறுக்க மாட்டேன்.

ஆனால் கதை எல்லாம் அந்த ரோபோவின் கையில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காட்சி சொல்கிறேன். வால்-ஈ தான் பொறுக்கிய சாமான்களை வீட்டில் வகை பிரித்து வைக்கும். ஸ்பூன்கள் ஒரு பக்கம், ஃபோர்க்குகள் ஒரு பக்கம். ஒருநாள், பாதி ஸ்பூன் பாதி ஃபோர்க்காக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் சாமான் கிடைக்கிறது. அதை ஸ்பூன் பக்கம் கொண்டுபோகிறது. யோசிக்கிறது. ஃபோர்க் பக்கம் கொண்டுபோகிறது. மறுபடி யோசித்து, இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுகிறது. சில விநாடிகள்தான். அதற்குள் இந்தப் பிறவிக்கு மூளை இருக்கிறது, ரசனை இருக்கிறது, பேச ஆள் இல்லை என்ற மூன்றும் தெரிந்துவிடும். இன்னொரு இடத்தில் நகைப்பெட்டி ஒன்றைத் திறக்கும். உள்ளே வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, டப் டப் என்று மூடித் திறக்கும் பெட்டியைப் பத்திரப்படுத்திக்கொள்ளும். அந்த விநாடியில் நீங்கள் போனைக் குனிந்து பார்த்தீர்கள் என்றால் படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

இந்த மாதிரி நகைச்சுவை புதிதும் இல்லை. இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனும் அவர் குழுவும் சார்லி சாப்ளின், பஸ்டர் கீட்டன் ஆகியோரின் ஊமைப்படங்களை மதிய உணவு நேரத்தில் நாள் தவறாமல் போட்டுப் பார்த்துத்தான் இதைப் பழகினார்கள். வசனத்துக்குப் பதிலாக இங்கே ஒலி பேசுகிறது. ஸ்டார் வார்ஸில் ஆர்2-டி2 ரோபோவுக்குப் ‘பேச்சு’ கொடுத்த பென் பர்ட்தான் வால்-ஈயின் குரலும். சூரிய ஒளியில் சார்ஜ் ஏறி முடிந்ததும் ஆப்பிள் மேக் கணினி ஆன் ஆகும் அதே சத்தம் வரும். அரங்கில் அங்கேதான் முதல் சிரிப்பு எழுந்தது.

என் அனுபவத்தில், இந்தப் பகுதியில் பெரியவர்கள்தான் நெளிகிறார்கள். அக்கா மகளோடு பார்த்தபோது அவள் கேட்ட ஒரே கேள்வி, “அந்தப் பூச்சிய மிதிச்சும் அது ஏன் சாகல?” கதை எப்போது தொடங்கும் என்று அவள் கேட்கவில்லை. அவளைப் பொறுத்தவரை தொடங்கி வெகுநேரம் ஆகிவிட்டது.

இனி உங்கள் அண்ணன். இந்தப் படத்தைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கேட்கும் முக்கியமான புகார் அவருடையதுதான், அதில் பாதி நியாயம் உண்டு. ஈவ் என்ற வெள்ளை ரோபோ வந்து, செருப்புக்குள், சரியாகச் சொன்னால் ஒரு பழைய பூட்ஸுக்குள், வளர்ந்த செடியை, பூமியில் மறுபடி உயிர் வளரும் என்பதற்கான அத்தாட்சியை, எடுத்துக்கொண்டு கிளம்ப, வால்-ஈயும் ராக்கெட்டைத் தொற்றிக்கொண்டு மனிதர்கள் வாழும் ஆக்ஸியம் என்ற விண்கப்பலுக்குப் போகிறது. அங்கிருந்து படத்தின் தாளமே மாறிவிடுகிறது. துரத்தல், தப்பித்தல், செடி கைமாறுதல், மறுபடி துரத்தல். அதுவரை நிதானமாக ஒரு ஸ்பூனைப் பார்க்க வைத்த படம் திடீரென்று ஓட ஆரம்பித்தால் கோபம் வரத்தான் செய்யும். கோளாறான ரோபோக்களை எல்லாம் அவிழ்த்துவிடும் பகுதியைப் பாதியாகக் கத்தரித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

மிச்சப் பாதியில் அண்ணனோடு நான் உடன்படவில்லை. அவர் அந்தக் கப்பல் தலைவரைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். காலையில் எழுந்து அறிவிப்பு வாசிப்பதைத் தவிர வேலையே இல்லாத மனிதர் அவர். ரோபோவின் மேல் ஒட்டியிருந்த கொஞ்சம் மண்ணைக் கணினியிடம் கொடுத்து ‘இது என்ன’ என்று கேட்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கேள்வி கேட்கிறார். கடல் என்றால் என்ன, நடனம் என்றால் என்ன என்று போகிறது. வெளியே வால்-ஈயும் ஈவும் தீயணைப்பான் புகையில் விண்வெளியில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே ஒருவர் நடனம் என்ற சொல்லுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி இரண்டாம் பாதியில்தான் வருகிறது! நீச்சல் குளத்துக்குப் பக்கத்திலேயே ஆயுள் முழுக்க மிதக்கும் நாற்காலியில் போய்வந்த ஒரு பெண், முகத்துக்கு முன்னால் இருந்த திரை அணைந்ததும், ‘இங்கே நீச்சல் குளம் இருக்கிறதா!’ என்று ஆச்சரியப்படுவதும் அங்கேதான்.

வில்லனும் சாதாரண வில்லன் இல்லை. ஆட்டோ என்ற தானியங்கிச் சுக்கானுக்கு யார்மேலும் வன்மம் கிடையாது, உலகை ஆளும் ஆசையும் கிடையாது. பூமி இனித் தேறாது, திரும்பி வராதே என்று 2110-இல் வந்த உத்தரவு ஒன்று அதனிடம் இருக்கிறது. உத்தரவு போட்டவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆன பிறகும், ரத்து செய்ய ஆள் இல்லாததால் அது அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் குரல் கொடுத்தது மனிதர்கூட இல்லை, எழுத்தை வாசித்துச் சொல்லும் ஆப்பிள் மென்பொருள். வால்-ஈக்கும் ஆட்டோவுக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள்: இரண்டும் பழைய உத்தரவை விடாமல் செய்துகொண்டிருக்கும் இயந்திரங்கள்தான். ஒன்று நடுவில் வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டது, மற்றது கற்றுக்கொள்ளவில்லை. முதல் பாதியை ரசித்தவருக்கு இந்த இணைப்பு பிடித்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் இத்தனை பேருக்கு அந்தக் கப்பல் பிடிப்பதில்லை? வேகம் ஒரு காரணம். இன்னொன்று கூச்சம் என்பது என் எண்ணம். சாய்ந்த நாற்காலி, கைப்பிடியில் பெரிய கப், முகத்துக்கு முன்னால் பளபளக்கும் திரை. கப்பல் பயணிகள் இப்படி உட்கார்ந்திருப்பதை, தியேட்டரில் அச்சு அசலாக அதே மாதிரி உட்கார்ந்துகொண்டுதான் பார்த்தோம். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. ‘குழந்தைப் படத்தில் எனக்கு எதற்கு உபதேசம்’ என்று சிலர் எரிந்துவிழுந்தது இதனால்தான். அமெரிக்காவில் இதைச் சுற்றுச்சூழல் பிரசாரம் என்று திட்டியவர்கள் உண்டு. படத்தை வெளியிட்ட, பொம்மை விற்கும் டிஸ்னியே நுகர்வைக் கண்டிப்பதா என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டாண்டன் தன் நோக்கம் காதல் கதைதான், பிரசாரம் இல்லை என்று சொல்லிவந்தார். எடுத்தவர் எண்ணம் ஒன்று, பார்த்தவர் கண்ணில் பட்டது வேறு, அவ்வளவுதான்.

ஒரு புகாரை மட்டும் லேசாகத் தள்ளிவிட முடியாது. எல்லா மனிதர்களையும் பருமனாகக் காட்டி, கீழே விழுந்தால் எழ முடியாதவர்களாக்கி, அதில் சிரிப்பு வரவைத்தது புண்படுத்துகிறது என்றார்கள். படத்தின் பக்கமும் ஒரு விளக்கம் இருக்கிறது. விண்வெளியில் நெடுநாள் இருந்ததால் எலும்பு தேய்ந்துவிட்டது என்று ஓர் இடத்தில் படம் போட்டே காட்டுகிறார்கள். ஆரம்பத் திட்டத்தில் இவர்கள் எலும்பே இல்லாத ஜெல்லி உயிரினங்களாக இருந்து, பிறகுதான் பெரிய குழந்தைகள் போல மாற்றப்பட்டார்கள். கதையும் இவர்களைக் கேவலப்படுத்தவில்லை. கடைசியில் கப்பலைக் காப்பாற்றுவது இவர்கள்தான். ஆனாலும், எடையை வைத்துப் பள்ளியில் கேலிக்கு ஆளாகும் ஒரு பிள்ளை அரங்கில் இருந்தால் அதன் காதில் விழுவது விளக்கம் இல்லை, சிரிப்புதான். அந்தப் புகார் சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை.

உங்கள் பெரிய பையனுக்கு வருவோம். அவனுக்கு நல்ல மார்க்கே போடலாம். எடையற்ற நிலையில் எலும்பு தேயும் என்பது உண்மை. விண்வெளி வீரர்களுக்கு உடல் எடையைத் தாங்கும் எலும்புகளில் மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம் குறைகிறது. ஆனால் ஆக்ஸியத்தில் நாற்காலியிலிருந்து தவறினால் தொப்பென்று கீழே விழுகிறார்களே! ஈர்ப்பு இருக்கிறது என்றால் எலும்பு ஏன் அப்படித் தேய வேண்டும்? கப்பல் சாய்ந்ததும் எல்லோரும் ஒரு பக்கமாகச் சரிகிறார்கள். விண்வெளியில் எந்தப் பக்கம் கீழே? செடியை வேறு காற்றே இல்லாத வெளியில் வயிற்றைத் திறந்து காட்டுகிறது வால்-ஈ, அது வாடாமல் நிற்கிறது. இத்தனைக்கும் நடுவில் தீயணைப்பானைப் பின்னால் பீய்ச்சி முன்னால் போவது மட்டும் நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுத்தமாக இருக்கிறது. பையனிடம் அதையும் சொல்லுங்கள். தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே மறுபடி உட்கார்ந்து பார்த்தாலும் நல்லதுதான்.

சரி, சின்னவள். ஆறு வயதுக்குப் படம் பொருந்தும். ஆங்கிலம் புரியாவிட்டாலும் முதல் பாதிக்குத் தடையில்லை. ஒரு முன்னெச்சரிக்கை: முடிவுக்குப் பக்கத்தில் வால்-ஈ நசுங்கிப்போகிறது, பழுது பார்த்த பிறகும் ஈவை அடையாளம் தெரியாமல் குப்பை அமுக்கப் போய்விடுகிறது. அக்கா மகள் அங்கே தேம்பிவிட்டாள். சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று காதில் சொல்லிவிடுங்கள். பகலில், போன்களை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். மனைவியையும் அழைத்துக்கொள்ளுங்கள், அவர் அன்று அசதியில் தூங்கியிருக்கலாம்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிட வேண்டாம். திரும்பி வந்த மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைப் படம் அங்கேதான் சொல்கிறது. குகை ஓவியத்தில் தொடங்கி, எகிப்திய ஓவியம், மொசைக், வான்கோ பாணி என்று ஓவிய வரலாற்றையே வரிசையாகப் பிடித்து, விவசாயம், கிணறு, மீன்பிடிப்பு, ஊர் என்று வரைந்திருப்பார்கள். ‘முடிவு ரொம்ப சுலபமாக இருக்கிறது’ என்று உங்கள் அண்ணன் அடுத்து ஆரம்பித்தால், அதற்குப் பதில் அந்த ஓவியங்களில்தான் இருக்கிறது.