ஈஸ்ட் ஸ்ட்ரெய்ன் கையில் இருக்கிறது, ஆலை கட்டலாமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில், இன்சுலின் முன்புரதத்தை (வெட்டினால் இன்சுலினாகும் புரதம்) அதிகமாகச் சுரக்கும் பிச்சியா ஈஸ்ட் ஸ்ட்ரெய்ன் (ரகம்) ஒன்றை உருவாக்கியிருக்கிறேன். அடுத்த மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். வீட்டை அடமானம் வைத்துக் கோவையில் சிறு தயாரிப்புக் கூடம் தொடங்கலாமா?

பதில்: வீட்டுப் பத்திரத்தில் கை வைக்காதீர்கள். பிச்சியாவில் தயாரித்த மனித இன்சுலினை பெங்களூரு மருந்துக் கம்பெனி பயோகான் 2004-லேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து என்பதால், பேரளவில் தயாரிப்பவருக்குத்தான் கட்டுப்படியாகும். விலங்குச் சோதனை, மருத்துவப் பரிசோதனை, உரிமம் என்று நீளும் செலவைத் தனிநபர் கடன் தாங்காது. நீங்கள் விற்கக்கூடியது அந்த ஸ்ட்ரெய்னும் அதை வளர்க்கும் முறையும்தான். அவை சட்டப்படி உங்களுடையவைதானா என்பதை முதலில் பாருங்கள்.

ஆய்வேடு ஷோத்கங்காவில் (இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) ஏறிவிட்டால் அது வெளியீடு. அதன்பின் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைப்பது ஏறக்குறைய முடியாது. இந்தியாவிலும் விதிவிலக்கு மிகக் குறுகியது. ஆகவே சமர்ப்பிக்கும் முன்பே தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பமும், வெளிநாடு வேண்டுமென்றால் பிசிடி (பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் சர்வதேச) விண்ணப்பமும் போக வேண்டும். எழுத்தில் முழுதாக விவரிக்க முடியாத ஸ்ட்ரெய்ன் என்றால், சண்டிகரின் எம்டிசிசி போன்ற அங்கீகரிக்கப்பட்ட நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் விண்ணப்ப நாளுக்குள் ஒப்படைத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பல்கலைக்கழக நிதியில் நடந்த ஆய்வென்றால் உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே. அறிவுசார் சொத்துரிமைப் பிரிவிடம் பேசி, உங்கள் கம்பெனி பெயருக்கு லைசென்ஸ் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். வழிகாட்டிப் பேராசிரியரின் வாய்வார்த்தை செல்லாது. மூல ஈஸ்ட்டும் வெக்டரும் (மரபணுவை ஈஸ்ட்டுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏ) வந்த ஆய்வகக் கிட்டின் உரிம நிபந்தனைகளையும் தேடி எடுத்துப் படியுங்கள். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றிருந்தால் வணிக உரிமத்துக்கு விற்றவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் கிட்டின் காப்புரிமை காலாவதியானாலும் ஒப்பந்தம் கட்டுப்படுத்தலாம்.

வாங்க வருபவர் ஷேக் ஃப்ளாஸ்க் (குலுக்கி வளர்க்கும் குடுவை) கணக்கை மதிக்க மாட்டார். 5 அல்லது 10 லிட்டர் ஃபெர்மென்டரில் (ஈஸ்ட் வளர்க்கும் தொட்டி) தொடர்ந்து மூன்று பேட்ச், லிட்டருக்கு எத்தனை கிராம் என்று காட்டுங்கள். மரபணுவின் பல நகல் செருகிய ஸ்ட்ரெய்ன்கள் ஸியோசின் (செருகிய மரபணு உள்ள செல்களை மட்டும் பிழைக்கவிடும் ஆன்டிபயாடிக்) இல்லாமல் வளரும்போது நகல்களை உதிர்த்துவிடக்கூடும். தயாரிப்புத் தொட்டிவரை ஆகும் தலைமுறைகளையும் தாண்டி வளர்த்து, நகல் எண்ணிக்கையையும் விளைச்சலையும் சோதித்து வையுங்கள். மெத்தனாலால் தூண்டும் முறை என்றால் இன்னொரு சிக்கல்: ஈஸ்ட் ஆக்சிஜனை வாரிக் குடிக்கும், வெப்பமும் ஏறும். 10 லிட்டரில் தெரியாத இது 1,000 லிட்டரில் குளிரூட்டலைத் திணறடிக்கும். மெத்தனால் ஊட்டிய வேகம், கரைந்த ஆக்சிஜன், வெப்பநிலை மூன்றும் பதிவில் இல்லையென்றால் பேரம் படியாது.

இந்த வேலைக்கு, மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்ப நிறுவனமான பைராக்கின் பிக் மானியம் பொருந்தும்: 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதம். இலக்கை எட்ட எட்டத் தவணையாக வரும். கட்டடம் கட்ட அல்ல. இன்குபேட்டரில் (புதுக் கம்பெனிகளுக்கு இடமும் கருவியும் தரும் மையம்) இடம் எடுத்தால் ஃபெர்மென்டருக்கு வாடகை கொடுத்தால் போதும்.

லைசென்ஸ் தரும்போது முழு உரிமையையும் ஒரே கம்பெனிக்குக் கொடுக்க நேர்ந்தால், எந்தப் பொருளுக்கு, எந்த நாட்டுக்கு என்று வரம்பு கட்டுங்கள். குறித்த காலத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் உரிமை திரும்பிவர வேண்டும் என்ற நிபந்தனையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் போட்டியாளர் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கலாம்.

லைசென்ஸ் பேச்சு இழுத்தடிக்கும். இடையில் காசு பார்க்க, என் கருத்தில் நல்ல வழி பிச்சியாவிலேயே டிரிப்சின் தயாரித்து விற்பது. இன்சுலின் முன்புரதத்தை வெட்டப் பயன்படும் இந்த நொதிக்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது. (பயோகானும் 1978-ல் நொதிகளோடுதான் தொடங்கியது.) டிரிப்சின் தன்னையே செரித்துவிடும், ஆகவே டிரிப்சினோஜனாக (அதன் செயலற்ற முன்வடிவம்) சுரக்கவைத்துப் பிறகு செயலூட்டுங்கள். பன்றிக் கணையத்தில் எடுத்ததைத் தவிர்க்க நினைக்கும் மருந்துக் கம்பெனிகள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். விலங்குப் பொருள் கலக்காததற்கான சான்றும், லாட்டுக்கு லாட் மாறாத செயல்திறனும் முதலில் கேட்பார்கள், விலை அப்புறம்தான்.