சாக்ரடீஸ் முதல், எல்லாவற்றையும் ஒரே உண்மையால் விளக்க முடியும் என்பதைச் சந்தேகிக்கும் பின்நவீனத்துவம் வரை கல்வித் தத்துவத்தில் என்னதான் மாறியது?

அறிவு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கான பதில்தான் மாறிக்கொண்டே வந்தது.

பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில் ஒரு காட்சி வரும். படிப்பறியாத அடிமைச் சிறுவனிடம், இரண்டடிப் பக்கமுள்ள சதுரத்தைப் போல இருமடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ். பக்கத்தை நான்கடி ஆக்கலாம் என்கிறான். பரப்பு 16 ஆகிவிடுகிறது, தேவை 8. சரி, மூன்றடி? அதுவும் 9. தெரியவில்லை என்று அவனே ஒப்புக்கொள்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தெரிந்ததாக நினைத்திருந்தவன் இப்போதுதான் தேடத் தயாராகிறான். கடைசியில் மூலைவிட்டத்தை வைத்து விடையைப் பிடித்துவிடுகிறான். ஆன்மா ஏற்கெனவே அறிந்ததை நினைவுகூர்வதே கற்றல் என்பது பிளேட்டோவின் விளக்கம். விடையை நோக்கிச் சாக்ரடீஸே கேள்விகளால் தள்ளுகிறார் என்ற விமர்சனமும் நியாயமானதே.

ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் இதை மறுத்தார்: மனம் எழுதப்படாத தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது. தத்துவஞானி ரூசோ கல்வி பற்றி எழுதிய ‘எமில்’ (1762) குழந்தையைக் குழந்தையாகவே பார்க்கச் சொன்னது. பாரிஸில் அந்தப் புத்தகத்தையே எரித்தார்கள். அப்புறம் அமெரிக்கத் தத்துவஞானி ஜான் டூயி. 1896இல் சிகாகோவில் அவர் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தும் நெய்தும் கற்றார்கள்.

பின்நவீனத்துவத்துக்கு வருவோம். 1979இல் பிரெஞ்சுத் தத்துவஞானி லியோதார், கனடாவின் கியூபெக் மாகாண அரசின் பல்கலைக்கழக மன்றத்துக்காக அதைப் பற்றி எழுதிய அறிக்கையில், அறிவு விற்பனைப் பொருளாகிவருகிறது என்றார். ‘இது உண்மையா?’ என்ற கேள்வியின் இடத்தில் ‘இதனால் என்ன பயன்?’ வந்து நிற்கிறது என்று அவர் கவலைப்பட்டார்.