பிசியோவில் கரண்ட் வைக்கும்போது ஊசி குத்துவது போல எரிகிறது என்று அம்மா அழுகிறா. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். முதலில் அம்மாவின் காலில் ஒட்டுகிற எலக்ட்ரோட்டை, அதாவது கரண்டைத் தோலுக்குக் கடத்துகிற ஜெல் பூசிய ஒட்டுத் துண்டை, பாருங்கள். பாரிசவாதம் வந்த கால் என்றுதான் நினைக்கிறேன், நீங்கள் எழுதவில்லை.

எங்கள் அப்பாவுக்கும் அதே நோய். நடக்கும்போது வலது பாதம் தொங்கி, பெருவிரல் நிலத்தில் இழுபடும். மல்லாவிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போவோம். கரண்ட் கொடுத்தவுடன் அவருடைய முகம் சுருங்கிவிடும். "வயசு போனவர், தாங்கமாட்டார்" என்று சொல்லி, பாதம் அசையும் அளவுக்கு ஏற்றாமலே அனுப்பிவிடுவார்கள். காடு வெட்டி வயலாக்கிய மனுசன் அவர். அந்தச் சொல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு வேறோர் இடத்தில் ஒரு பிசியோ தங்கச்சி முதலில் காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தா. எங்கள் அம்மா பூசிவிட்ட நல்லெண்ணெயும் வழியில் அப்பிய புழுதியும் போயின. புது எலக்ட்ரோட் எடுத்தா, 5 செ.மீ. சதுரம். முன்பு ஒட்டியது 3 செ.மீ. தான் இருக்கும். அதே கரண்ட் 9 சதுர செ.மீ.க்குள் நெருக்கிக்கொண்டு போவதும் 25இல் பரவிப் போவதும் தோலுக்கு ஒன்றல்ல. போதாததற்குப் பழையதில் ஜெல் காய்ந்து ஓரம் கிளம்பியிருந்தது. அப்படியிருந்தால் ஒட்டியிருக்கிற கொஞ்ச இடத்தாலேயே முழுக் கரண்டும் பாயும். ஊசி குத்துவது அதனால்தான். அந்தத் தங்கச்சி மெல்ல மெல்ல ஏற்றினா. பாதம் எழும்பியது. அப்பா முகம் சுளிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய எலக்ட்ரோட் எல்லாருக்கும் சரி என்று சொல்லவில்லை. அளவு மிஞ்சினால் பக்கத்துத் தசையும் சேர்ந்து இழுத்துப் பாதம் ஒரு பக்கம் திரும்பும். எங்கே ஒட்டுவது என்பது பிசியோவின் பொறுப்பு. நான் வைத்தியர் இல்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். காய்ந்த ஜெல்லைக் கண்டுபிடிக்க வைத்தியம் படிக்கத் தேவையில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை, ஏ9 வீதியில் கைத்தடியோடு நிற்பவரைக் கண்டும் நிற்காமல் ஓடுகிற பஸ்கள். வெயிலில் காத்து நின்றே பல நோயாளிகள் பிசியோவுக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். இதை யாரும் கேட்பதில்லை.

சரி, அம்மாவுக்கென்று தனியாக ஒரு சோடி எலக்ட்ரோட் வாங்குங்கள். பாவித்ததும் அதோடு வந்த பிளாஸ்டிக் தாளிலேயே திரும்ப ஒட்டி, பையில் மூடி வையுங்கள். போகிற நாளில் காலுக்கு எண்ணெய் வேண்டாம். உடம்பில் பேஸ்மேக்கரோ (இதயத் துடிப்பைச் சீராக்க வைக்கிற கருவி) பழைய ஷெல் துண்டோ இருந்தால் கரண்ட் வைக்க முதலே சொல்லிவிடுங்கள்.