சர்ஃபிங்குக்காக ஊர் மாறும் மகனுக்குக் கடன் வாங்கி எம்.பி.ஏ. எதற்கு?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 23 வயது, பட்டம் முடித்தாயிற்று. வெளிநாட்டில் அலை நன்றாக வரும் கடற்கரை ஊர் ஒன்றுக்குக் குடிபோய், ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு சர்ஃபிங் செய்ய வேண்டும் என்கிறான். உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நடுவில் அவன் சித்தப்பா ஒரு வழி சொல்லியிருக்கிறார்: கடன் வாங்கியாவது அந்த நாட்டிலேயே எம்.பி.ஏ. சேர்ந்துவிடட்டும், விசாவும் கிடைக்கும், அலைக்கு அலையும் ஆச்சு, பட்டத்துக்குப் பட்டமும் ஆச்சு.

உங்கள் பிள்ளை யாருக்கும் சொல்லாமல் கிளம்பிவிடவில்லை. முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறான். அந்த அளவுக்கு நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். எனக்குக் கவலை தருவது சித்தப்பாவின் யோசனைதான்.

கடன் வாங்கிப் படிக்கும் எம்.பி.ஏ. என்ன செய்யும் என்று பாருங்கள். படிப்பு முடிந்து சில மாதங்களில் தவணை ஆரம்பித்துவிடும். தவணை கட்ட நிரந்தரச் சம்பளம் வேண்டும். அந்தச் சம்பளம் தரும் அலுவலகங்கள் பெரும்பாலும் பெருநகரத்தில் இருக்கும், காலை ஒன்பதுக்கு வரச் சொல்லும். அலைக்காக ஊர் மாறியவன் அலையைச் சனி ஞாயிறில் எட்டிப் பார்க்கிறவன் ஆகிவிடுவான். அவனுக்கு வியாபாரத்தில் ஆசை இருக்கிறது என்று ஒரு வரியாவது உங்கள் கடிதத்தில் இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். இல்லை. வெறும் விசாவுக்காக இவ்வளவு விலை கொடுத்து ஒரு படிப்பை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

வேலை தேடும் முன் கடலின் நேரக்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பல கடற்கரைகளில் இரவும் விடியலும் நிலக்காற்று வீசும். அது அலையின் முகத்தைச் சீராக நிமிர்த்திப் பிடிக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று கிளம்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஏற்றவற்ற நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போகும். ஆகவே இந்த வாரம் காலை ஏழுக்கு நன்றாக இருந்த இடம், அடுத்த வாரம் அதே நேரத்தில் சும்மா கிடக்கலாம். பெரிய அலைகளோ எங்கோ தூரத்துப் புயலில் பிறப்பவை. அலைக்கும் அலைக்கும் 15 விநாடி இடைவெளி உள்ள ஒரு திரள், ஆழ்கடலில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நகரும். அதனால்தான் நல்ல அலை வரப்போவதை மூன்று நான்கு நாள் முன்பே கணித்துவிட முடிகிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அவனுக்குத் தேவை குறைந்த வேலை நேரமல்ல, இரண்டு மூன்று நாள் முன்னால் சொல்லி நகர்த்திக்கொள்ளக்கூடிய வேலை நேரம். எத்தனை மணி நேரம் உழைத்தாலும் பரவாயில்லை, எந்த மணி நேரம் என்பது அவன் கையில் இருக்க வேண்டும்.

வழக்கமாக எல்லோரும் சொல்லும் வழிகளை நான் நீட்டப் போவதில்லை. கணினியில் தூரத்து வேலை என்றால், அந்தத் திறமை ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சரி, இவனிடம் இல்லை. கடற்கரை விடுதியிலும் காபிக் கடையிலும் முதல் சில மாதம் தாக்குப்பிடிக்கலாம். சர்ஃபிங் பயிற்றுநர் வேலையைத்தான் பையன்கள் முதலில் நினைப்பார்கள். அந்தச் சான்றிதழுக்கு நீர்மீட்புப் பயிற்சியும் கட்டாயம், அது எப்படியும் நல்லது. ஆனால் அலை அருமையாக இருக்கும் காலையில் அவன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று புதியவர்களின் பலகையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருப்பான். சுற்றுலாக் கூட்டம் வடிந்ததும் வருமானமும் வடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் புகாராக எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். "மொட்டை மாடி முழுக்க ரெசின் நாற்றம், உடைந்த பலகைகளை ஒட்டிக்கொண்டே இருக்கிறான், நண்பர்களுடையதையும் சேர்த்து." அம்மா, அவன் படிப்பு மதிப்பெண்களைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. யாரும் சொல்லித்தராமல், காசும் வாங்காமல், ஒருவன் திரும்பத் திரும்பச் செய்கிற காரியத்தைக் கவனிக்காமல் விட்டால் ஆலோசகர் என்று ஒருவர் எதற்கு?

சர்ஃபிங் பலகை என்பது நுரைக்கட்டையின் மேல் ஃபைபர் கிளாஸ் துணி சுற்றி, ரெசின் என்னும் பிசினில் இறுக்கிய பொருள். இதில் இரண்டு சாதி உண்டு. பாலியூரித்தேன் நுரையில் பாலியஸ்டர் ரெசின் பூசியது ஒன்று. தெர்மகோல் வகை நுரையில் எபாக்சி என்ற வேறு வகை ரெசின் பூசியது இன்னொன்று. இரண்டாவதன் மேல் பாலியஸ்டர் ரெசினை ஊற்றினால், அதிலுள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் நுரையைக் கரைத்துக் குழியாக்கிவிடும், பலகை போச்சு. எபாக்சியை இரண்டிலும் பூசலாம். 2005 டிசம்பரில் அமெரிக்காவில் பலகைக்கான பாலியூரித்தேன் நுரைக்கட்டை செய்வதில் முதலிடத்தில் இருந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. அதற்குப் பின் எபாக்சிப் பலகைகள் வேகமாகப் பெருகின. இன்றைக்குப் பழுது பார்க்க உட்காருபவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பாலியஸ்டரிலேயே அடுக்குப் போடும் ரெசின் வேறு, தேய்க்கும் ரெசின் வேறு. முதலாவது காய்ந்தாலும் மேலே பிசுபிசுப்பாகவே இருக்கும், அடுத்த அடுக்கு ஒட்டிக்கொள்வதற்காக. இரண்டாவதில் மெழுகு கலந்திருக்கும். அது மேலே வந்து மூடிக்கொள்வதால் கெட்டியாகி, உப்புத்தாளுக்கு இணங்கும். இதை மாற்றிப் போட்டவன் பிசினோடு அரை நாள் மல்லுக்கட்ட வேண்டியதுதான். விரிசலுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால், ஒட்டும் முன் நாள் கணக்கில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் பின்னால் தோலை உரித்துவிடும். பலகையின் அடியில் துடுப்பை (ஃபின்) மாட்டும் பெட்டி பிய்ந்து வருவது, நடுவில் மடிந்து போவது, இரண்டாக முறிவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கை இருக்கிறது.

நேரம் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். அலை பெரிதாக அடிக்கும் வாரத்தில் பலகைகள் அதிகம் உடையும். ஆனால் வேலையில் பாதி, ரெசின் காய்வதற்காகக் காத்திருப்பது. மாலையில் அடுக்குப் போட்டுவிட்டு, விடியலில் கடலுக்குப் போய், கடற்காற்று கிளம்பிய பிறகு வந்து தேய்க்கலாம். வெயிலில் சில நிமிடங்களில் இறுகும் ரெசினும் இருக்கிறது, சின்னச் சின்ன வேலைகளுக்கு. ஒரே ஒரு எச்சரிக்கை: புதியவர்கள் ரெசினுக்கும் துணிக்கும் விலை போட்டுவிட்டு, மணிக்கணக்கில் தேய்த்த கைக்கூலியை விட்டுவிடுவார்கள். நண்பர்களுக்கு இலவசமாகச் செய்கிறானே, அந்தப் பழக்கத்தை ஊர் மாறும் முன்பே அவன் நிறுத்த வேண்டும்.

பலகைப் பழுது மட்டும் குடும்பத்தைத் தாங்குமா என்று கேட்பீர்கள். சின்ன ஊரில் தாங்காது. அதனால்தான் அடுத்ததைச் சொல்கிறேன். யாரும் இதைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

காற்றாலையின் இறக்கை எதனால் செய்யப்படுகிறது? ஃபைபர் கிளாஸ், ரெசின், நடுவில் நுரை அல்லது பால்சா என்ற லேசான மரம். உங்கள் மொட்டை மாடியில் நடக்கிற அதே வேலைதான், அளவுதான் பிரம்மாண்டம். பெரிய காற்றாலைகளில் இறக்கையின் நுனி விநாடிக்கு 80 மீட்டரையும் தாண்டிய வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தில் மழைத்துளிகூட முன்விளிம்பை அரித்துவிடும். அரித்த இடத்தை நிரப்ப, துணி அடுக்க, தேய்க்க, மேற்பூச்சுப் பூச ஆள் வேண்டும். அந்த ஆள் கயிற்றில் தொங்கிக்கொண்டு இதைச் செய்கிறார். ஒரு கயிறு வேலைக்கு, இன்னொன்று பாதுகாப்புக்கு.

கயிற்று வேலைக்கு ஐராட்டா என்ற சான்றிதழைப் பல நாடுகளில் மதிக்கிறார்கள். மூன்று நிலைகள். முதல் நிலைக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் பயிற்சி, அப்புறம் தனியாக ஒரு மதிப்பீடு. இரண்டாம் நிலைக்குப் போக ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்று வேலையும் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காற்றாலைத் துறைக்கென்று ஜி.டபிள்யூ.ஓ. என்ற அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி தனியாக உண்டு: முதலுதவி, தீ, உயரத்தில் வேலை, பாரம் தூக்குதல், கடலுக்குள் இருக்கும் காற்றாலை என்றால் கடலில் உயிர்தப்புதல். கடைசியாகச் சொன்னதில் உங்கள் மகன் திணற மாட்டான் என்று நினைக்கிறேன். இறக்கைப் பழுதுக்கும் அதே அமைப்பு பயிற்சித் தரம் வகுத்திருக்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பருவக்கணக்கு. குளிரிலும் ஈரத்திலும் ரெசின் சரியாக இறுகாது, பலத்த காற்றில் கயிற்றில் தொங்க முடியாது. அதனால் வட ஐரோப்பா போன்ற இடங்களில் இறக்கைப் பழுது வேலை பெரும்பாலும் வசந்தம் முதல் இலையுதிர் காலத் தொடக்கம் வரைதான். போர்ச்சுகல், மொராக்கோ, அயர்லாந்து போன்ற அட்லாண்டிக் கரைகளில் பெரிய அலைகள் வருவதோ இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுக்க. கோடையில் கயிறு, குளிரில் பலகை. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பாலித் தீவின் மேற்குக் கரையில் நல்ல பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. அங்கே போனால் இரண்டும் மோதும். எந்தக் கடற்கரை என்பதை அழகை வைத்து முடிவு செய்யாமல் இந்தக் காலண்டரை வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். காற்றாலை ஒத்துவரவில்லை என்றால் படகுத்துறை இருக்கிறது. குளிர்காலத்தில் கரையேற்றிய படகுகளின் அடிப்பகுதியைப் பழுது பார்க்க இதே கை தேவைப்படும்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது உடல்நலத்துக்கு. ஸ்டைரீன் ஆவி, தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு, பாலியஸ்டரை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எபாக்சி சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் விடாது, அதோடு இந்தத் தொழிலையும் மறந்துவிட வேண்டியதுதான். அவனுக்குச் சிறு வயதில் ஆஸ்துமாவோ தோல் அரிப்போ இருந்ததா? இருந்திருந்தால் மேலே நான் சொன்னதை ஒத்திவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றாலும் நைட்ரைல் கையுறை, மூடிய கண்ணாடி, ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடி இல்லாமல் இனி ஒரு பலகையையும் தொடக் கூடாது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது கணக்கில் சேராது. எம்.பி.ஏ. முன்பணத்தில் ஒரு சிறு துண்டு போதும் இவற்றை வாங்க.

பணவிஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கடன் வாங்கி ஊர் மாறக் கூடாது. ஆறு மாத வாடகையும் சாப்பாடும், திரும்பி வர டிக்கெட்டும் அவன் சொந்தச் சம்பாத்தியத்தில் கையில் இருக்க வேண்டும். அது சேரும்வரை இங்கேயே ஒரு படகுப் பட்டறையிலோ ஃபைபர் பட்டறையிலோ வேலைக்குப் போகட்டும். கயிற்றுச் சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பு, எந்த நிறுவனம் முதல் நிலை ஆளை எடுக்கிறது, இறக்கை வேலையில் என்ன அனுபவம் கேட்கிறது என்று நேரடியாக எழுதிக் கேட்கட்டும். வெறும் கயிறு தெரிந்த ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ரெசின் தெரிந்து கயிறும் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் பட்டறை, பிறகு சான்றிதழ். வேலை செய்யும் விடுமுறை விசாவைப் பல நாடுகள் 30 அல்லது 35 வயது வரை தருகின்றன, ஆனால் எல்லாப் பாஸ்போர்ட்டுக்கும் இல்லை. அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஏஜென்டிடம் கேட்டுவிட்டு அல்ல. சுற்றுலா விசாவில் போய்க் காசுக்குப் பலகை ஒட்டுவது சட்டவிரோதம். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன்.

தம்பி, அம்மா இதை உன்னிடம் காட்டுவார் என்று தெரியும், அதனால் உனக்கும் ஒரு கேள்வி. 60, 80 மீட்டர் உயரத்தில், ஒரே இடத்தை மூன்று மணி நேரம் தேய்த்துக்கொண்டிருக்க உனக்கு மனம் ஒப்புமா? உயரம் ஒத்துவரவில்லை என்றால் சொல்லிவிடு, படகுத்துறையைப் பார்க்கலாம். தேய்ப்பதே சலிப்பு, அலைதான் வேண்டும் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடு. அப்போது நானும் உன் அம்மாவும் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

அம்மா, வரும் மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். சித்தப்பா வருத்தப்படுவார், இரண்டு விசேஷங்களில் முகம் கொடுத்துப் பேச மாட்டார். தவணை கட்டப்போவது அவர் இல்லை. இந்த மாதத்தில் மகனைப் பட்டறைகளில் விசாரிக்கச் சொல்லுங்கள், அவன் ஒட்டிய பலகைகளில் நல்லதாக நாலைந்தைப் படம் எடுத்து, உடைந்தபோது எப்படி இருந்தது, முடித்தபோது எப்படி இருக்கிறது என்று சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பட்டறை முதலாளிகள் முதலில் கேட்பது அதைத்தான்.