ஸ்பானிய நிகழ்காலம்: தமிழ் கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

“யோ ஆப்லோ (நான் பேசுகிறேன்), தூ ஆப்லாஸ் (நீ பேசுகிறாய்) என்று மனனம் செய்கிறேன். ஆனால் எமது விடுதிக்கு வரும் ஸ்பானிய விருந்தினர் ‘யோ’ என்று சொல்வதே அரிதாக இருக்கிறதே?” – நிலாவெளி வாசகர்

தமிழில் ‘பேசுகிறேன்’ என்றாலே பேசுபவர் யாரென்று விகுதி காட்டிவிடுவதைப் போல, ஸ்பானிய மொழியிலும் ‘ஆப்லோ’ என்பதன் ஓகார ஈறே ‘நான்’ என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘ஆப்லாமோஸ்’ என்றால் ‘பேசுகிறோம்’. ‘யோ’ சேர்ப்பது பிழையன்று. ஆயினும் வாக்கியந்தோறும் சேர்த்தால் ‘நான்தான், நான்தான்’ என்று அழுத்துவதாகவே கேட்கும்.

“‘அப்பா விடியற்காலையில் கடலுக்குப் போவார்’ என்பதற்கு எதிர்கால வடிவமான ‘இரா’வை எழுதினேன். ஆசிரியர் வெட்டிவிட்டார். ஏன்?” – உப்புவெளி மாணவி

ஆசிரியர் செய்தது சரியே. வழக்கமாக நடப்பதைத் தமிழ் எதிர்கால வடிவத்தால் சொல்லும்: கோட்டை வளவுக்குள் மான்கள் மேயும், அப்பா கடலுக்குப் போவார். ஸ்பானிய மொழியோ அன்றாட வழக்கத்தை நிகழ்காலத்தாலேயே சொல்லும் என்பதால், உங்கள் வாக்கியம் ‘மி பாத்ரே பா ஆல் மார் தே மாத்ருகாதா’ என்று அமைய வேண்டும். ‘இரா’ என்றால் அவர் இனிமேல்தான் போகவிருக்கிறார். தமிழ் வழியாகக் கற்பவரிடம் நான் மிகுதியாகத் திருத்துவது இந்தப் பிழையைத்தான். மாறாக, ‘நாளை கொழும்புக்குப் போகிறேன்’ என்பதை அப்படியே நிகழ்காலத்தில் ‘மன்யானா போய் ஆ கொலொம்போ’ எனலாம். ‘போகிறேன்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் நம் காதில் ஏறக்குறைய ‘போய்’ என்றே விழுவது தற்செயல்தான்; ஆனால் ஒருமுறை கேட்டால் மறக்காது.

“விருந்தினரிடம் ‘தேநீர் வேண்டுமா?’ என்று மரியாதையாகக் கேட்பது எப்படி?”

‘கியெரே தே?’ என்று கேளுங்கள். ‘கியெரேஸ்’ என்பது ‘நீ’ என்று அழைக்கும் நெருக்கத்துக்குரியது. ‘நீங்கள்’ என்பதற்கு அவர்கள் வழங்கும் மரியாதைச் சொல்லான ‘உஸ்தெத்’, ‘தங்கள் கிருபை’ என்பது போன்ற பழைய தொடரொன்றின் சுருக்கம் என்பதால், ‘ஐயா சாப்பிடுகிறாரா?’ என்று நேரிலேயே கேட்பதைப் போல வினை படர்க்கையில் நிற்கும்.

“‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்பதில் ‘நான்’ என்பதற்குரிய ‘குஸ்தோ’ வராமல் ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’ என்று ஏன் வருகிறது?” – மூதூர் வாசகர்

உங்கள் தமிழ் வாக்கியத்திலும் ‘நான்’ இல்லையே, ‘எனக்கு’தானே இருக்கிறது? அந்த ‘எனக்கு’வே ‘மே’. வினை, பிடித்த பொருளைப் பின்பற்றும். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள்: நமக்கு ஒன்றாயினும் பலவாயினும் ‘பிடிக்கும்’தான், அவர்களுக்கோ நண்டுகள் என்று பன்மை வந்தவுடன் ‘மே குஸ்தான் லோஸ் காங்க்ரேஹோஸ்’ என்று வினையும் பன்மையாகிவிடும்.