மூன்றடி ஷெல்ஃபில் ஒரு போர்க்கப்பல்

கேள்வி: செம்பூரில் வசிக்கிறேன். ரயில்வே பணிமனையில் தச்சுப் பிரிவில் வேலை, அடுத்த வருடம் ஓய்வு. பம்பாயில் கட்டிய பழைய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்றை, கிட் எதுவும் வாங்காமல் நானே மரத்தில் செய்து வீட்டில் வைக்க ஆசை. 'டிரிங்கோமலி' கப்பலை மனதில் வைத்திருக்கிறேன். அசல் கப்பல் தேக்கு என்பதால் தேக்குத் துண்டுகள் சேர்த்திருக்கிறேன். நான்கடி நீளத்துக்குச் செய்ய நினைத்தேன். ஆனால் வீட்டில் எனக்கு ஒதுக்கியிருப்பது டிவிக்கு மேலே 3 அடி நீளம், 1 அடி ஆழமுள்ள ஷெல்ஃப்தான். எந்த அளவில் செய்வது, எந்த மரம், எப்படித் தொடங்குவது? மும்பை மழையில் கெடாமல் வைக்க முடியுமா?

பதில்: ஷெல்ஃபை ஒதுக்கிக் கொடுத்தவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். இந்த வேலையில் இறங்குகிற பலர் கப்பலைச் செய்து முடித்த பிறகுதான் வைக்க இடம் தேடுவார்கள். அப்புறம் அது பாலிதீன் சுற்றிக்கொண்டு பீரோ மேல் ஏறும். அடுத்த முறை வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பாய்மரம் முறியும். உங்களுக்கு அளவு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் தடிமன், சுற்றிலும் ஓர் அங்குல இடைவெளி எல்லாம் போக, கப்பலுக்குக் கிடைப்பது சுமார் 33 அங்குல நீளம், 10 அங்குல அகலம். இதற்குள் என்ன அடங்கும் என்று பார்த்துவிட்டு மரத்தைத் தொடலாம்.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இந்தக் கப்பல், வாடியா குடும்பத்தின் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி பொறுப்பில் உருவாகி 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பீரங்கித் தளத்தின் நீளம் 150 அடி, அகலம் ஏறக்குறைய 40 அடி. அணியத்து (கப்பலின் முன்முனை) சிற்பம் முதல் பின்விளிம்பு வரை உடல் மட்டும் சுமார் 180 அடி வரும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாய்மரத்தையும் சேர்த்தால் 220 அடியைத் தாண்டும்.

1:48 அளவில், அதாவது அசலின் 48இல் ஒரு பங்காகச் செய்தால், உடல் மட்டுமே 45 அங்குலம். அதாவது உங்கள் நான்கடி. அதை மறந்துவிடுங்கள். 1:96 அளவில் பாய்மரம், கயிறு எல்லாவற்றோடும் 28 அங்குலத்தில் முடிந்துவிடும்; நீளத்துக்குக் கவலை இல்லை. ஆனால் நடு மரத்தின் பெரிய குறுக்குக் கழி 10 அங்குலம் வரும், பெட்டிக்குள் மட்டுமட்டு. அதோடு, அசலில் 8 அங்குலம் உள்ள ஒரு கப்பி உங்கள் கையில் 2 மி.மீ. ஆகிவிடும். அப்படிப்பட்ட கப்பிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். ஓய்வுபெறும் வயதில், வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு இது வேண்டுமா என்று யோசியுங்கள்.

நான் சொல்வது 1:72. பாய்மரமே இல்லாமல், உடல் மட்டும். நீளம் 30 அங்குலம், அகலம் ஏழு அங்குலத்துக்குள். அரைகுறை வேலை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பிரிட்டிஷ் கடற்படை நிர்வாகத்துக்காகச் செய்யப்பட்ட மாதிரிகளில் பல பாய்மரம் இல்லாதவைதான். கப்பலின் அழகு உடலின் வளைவில் இருக்கிறது. தச்சருக்கு அதில்தான் வேலையும். துணிப்பாய் கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எவ்வளவு மெல்லிய துணியும் இந்த அளவில் ஜமக்காளம் போலத்தான் தெரியும், தூசியும் பிடிக்கும்.

சிலருக்கு 'கார்ன்வாலிஸ்' மீது கண் போகும். 1813இல் இதே பம்பாயில் கட்டிய 74 பீரங்கிக் கப்பல் அது. 1842இல் நான்கிங் ஒப்பந்தம் கையெழுத்தானது அதன் மேல்தான். முதல் கப்பலுக்கு அது வேண்டாம். இரண்டு பீரங்கித் தளம் என்றால் வேலையும் இரட்டிப்பு.

வரைபடத்துக்கு வருவோம். டிரிங்கோமலி 'லீடா' வகையைச் சேர்ந்தது. 1782இல் பிரிட்டிஷார் பிடித்த 'எபே' என்ற பிரெஞ்சுக் கப்பலின் வடிவம்தான் அதற்கு மூலம். டிரிங்கோமலிக்கான வரைபடங்களைப் பம்பாய்க்கு ஏற்றி வந்த 'ஜாவா' கப்பலை 1812 டிசம்பரில் பிரேசில் கடற்பகுதியில் அமெரிக்காவின் 'கான்ஸ்டிட்யூஷன்' மடக்கி அழித்துவிட்டது. மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது, கட்டுமானமும் தள்ளிப்போனது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன, நகல் விலைக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1845இல் இந்தக் கப்பலின் பின்பகுதியைத் திருத்தி, பீரங்கிகளைக் குறைத்து, வேறு கப்பல் வகையில் சேர்த்தார்கள். எனவே இன்றைய ஹார்ட்டில்பூல் புகைப்படத்தையும் 1817 வரைபடத்தையும் கலந்து செய்தால் எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு கப்பல்தான் வரும். எந்த வருடத்துக் கப்பல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பம்பாயில் இறங்கிய கோலம் வேண்டுமென்றால் 1817.

பழைய வரைபடங்கள் பெரும்பாலும் 1:48இல் இருக்கும். ஜெராக்ஸ் கடையில் மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் 1:72. நகல் இயந்திரம் தாளை ஒரு பக்கம் லேசாக இழுத்துவிடும். நீளவாக்கு, குறுக்குவாக்கு இரண்டிலும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று: அந்த வரைபடத்தின் கோடு சட்டத்தின் (பலகையைத் தாங்கும், விலா எலும்பு போன்ற குறுக்கு மரம்) வெளிவிளிம்பைக் காட்டுகிறது, பலகையின் வெளிவிளிம்பை அல்ல. அசலில் 4 அங்குலப் பலகை என்றால் உங்களுக்கு 1.4 மி.மீ. நீங்கள் இரண்டு அடுக்காக மொத்தம் 2 மி.மீ. ஒட்டப்போகிறீர்கள். ஆகவே குறுக்குச் சட்டங்களைக் கோட்டுக்கு அரை மி.மீ. உள்ளே வெட்டுங்கள்.

இப்போது மரம். உங்கள் தேக்கைப் பெட்டியின் பீடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கப்பலுக்கு வேண்டாம். தேக்கின் துளை சுமார் 0.3 மி.மீ. இருக்கும்; 72 மடங்காக்கினால் 21 மி.மீ. பலகை முழுக்கக் கட்டைவிரல் நுழையும் குழிகளோடு எந்தக் கப்பலும் கடலில் இறங்கியதில்லை. நுண்ணிய, சீரான மரம்தான் வேண்டும். மஞ்சக்கடம்பு இதற்கு அருமையானது. இங்கே மரக்கடைகளில் ஹல்து என்று கேளுங்கள். ரீ ரோடு பக்கம் ஒரு நடை போனால் துண்டுகள் தேடிப் பார்க்கலாம். சன்னபட்டணா பொம்மைகள் செய்கிற வெட்பாலையும் நல்ல மரம்தான், ஆனால் வெளுப்பாக இருக்கும். சட்டங்களுக்கு 5 மி.மீ. பிர்ச் பிளைவுட். சாதாரண மரைன் பிளை தண்ணீரைத் தாங்கும், ஆனால் உள்ளே இடைவெளி இருந்தால் விளிம்பில் ஊசி பிடிக்காது.

வெளி அடுக்குக்கு 1 மி.மீ. பட்டி அறுப்பதெல்லாம் வீண் வேலை. வட்ட ரம்பம் தின்கிற மரம் உங்களுக்குக் கிடைக்கிற மரத்தைவிட அதிகமாக இருக்கும். பர்னிச்சருக்கு ஒட்டுகிற அரை மி.மீ. வெனீரை வாங்குங்கள். பிளை ஒட்டாத வெறும் வெனீராகக் கேளுங்கள். மேப்பிளோ பீச்சோ போதும். ஸ்டீல் ஸ்கேலும் கத்தியும் வைத்து மூன்றரை மி.மீ. அகலத்தில் கீறினால், அசலில் 10 அங்குலப் பலகை.

அடிமரத்தில், அதாவது ஏராவில், சட்டங்களை நிறுத்துவது உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 30 மி.மீ.க்கு ஒன்று, அணியத்தில் இன்னும் நெருக்கம். பலகை ஒட்டுவதற்கு முன்பே ஏராவுக்குள் இரண்டு நட்டுகளைப் புதைத்துவிடுங்கள். பீடத்தில் முடுக்க அவை வேண்டும். முடிந்த கப்பலைத் தலைகீழாக வைத்துத் துளை போடுவது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

பொறுமை தேவைப்படும் இடம் இதற்குப் பிறகுதான். ஒரு மெல்லிய பட்டியைச் சட்டங்களின் மேல் நீளவாக்கில் வளைத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு சட்டத்தின் விளிம்பையும் அது முழு அகலத்துக்குத் தொட வேண்டும். அணியத்தில் சட்டத்தின் முன்மூலையை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த மூலையைச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். எங்காவது பட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சட்டம் குட்டை. ஒரு சீவல் ஒட்டி உயர்த்துங்கள். பட்டியை ஐந்தாறு உயரங்களில் வைத்துப் பாருங்கள். அணியத்திலும் பின்பகுதியிலும் சட்டங்களுக்கு இடையே மெல்லிய மரக்கட்டை அடைத்துத் தேய்த்துவிட்டால் பலகைக்குப் பிடிமானம் கிடைக்கும். வாரக்கணக்கில் ஆகட்டும். இங்கே விட்ட கோணல் எத்தனை வார்னிஷ் அடித்தாலும் போகாது.

முதல் பலகையை எங்கே வைப்பது? பீரங்கித் துளைகளுக்குக் கீழே ஓடும் தடித்த இடுப்புப் பட்டை இருக்கும் வரியில். அதிலிருந்து ஏரா வரை, ஒரு காகிதத் துண்டைச் சட்டத்தின் மேல் வளைத்து அளந்துகொள்ளுங்கள். நடுச் சட்டத்தில் 120 மி.மீ. இருக்கிறது, உங்கள் பட்டி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்: 30 வரி. அதே அளவை அணியத்துச் சட்டத்தில் எடுத்தால் 70 மி.மீ.தான் வருகிறது. 30 வரியும் அங்கே அடங்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 2.3 மி.மீ. ஆகவே ஒவ்வொரு பட்டியையும் அணியத்தை நோக்கி அந்த அளவுக்குச் சீவ வேண்டும். பாதி அகலத்துக்கும் கீழே போனால் சீவாதீர்கள். ஒரு வரியை அங்கேயே நிறுத்திப் பக்கத்து வரியோடு சேர்த்துவிடுங்கள். கப்பலின் பின்கீழ்ப் பகுதியில் தலைகீழ். அங்கே இடம் அதிகம், இடையில் ஆப்பு போல ஒரு கூடுதல் பலகை நுழைக்க வேண்டிவரும். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டிகளை முழு அகலத்தில் அடுக்கினால் அவை அணியத்தில் மேல்நோக்கி ஏறும், கப்பல் சிரிப்பது போல இருக்கும். ஏராவை ஒட்டிய முதல் வரியை அணியம் வரை இழுத்து மேலேற்றுவதும் இதே கோளாறுதான்.

பட்டியை வளைக்கக் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, சூடான சால்டரிங் அயர்னின் தண்டில் மெதுவாக அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டாதீர்கள், வளைத்துக் கட்டி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டினால்தான் ஏரா கோணாது. பசைக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால் போதும். தவறு செய்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவிப் பிரித்துவிடலாம். ஃபெவிக்விக் உடனே பிடிக்கும்; சில வருடங்களில் மொறுமொறுப்பாகி விட்டுவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பீரங்கித் துளைகளின் பக்கங்கள் செங்குத்தாகவும், மேல் கீழ் விளிம்புகள் தளத்தின் வளைவோடு சாய்ந்தும் இருக்க வேண்டும். பீரங்கித் தளத்தில் பதினெட்டுப் பவுண்டு எடையுள்ள குண்டு போடும் பீரங்கிகள் 28. பித்தளையில் ஒன்றைக் கடைந்து, சிலிக்கான் அச்செடுத்து, ரெசினில் வார்த்துக்கொள்ளுங்கள். அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு வேண்டுமென்றால் ஒட்டும் செம்பு டேப். அசலின் 48க்கு 14 அங்குலத் தகடு உங்களுக்கு 17க்கு 5 மி.மீ. ஆயிரக்கணக்கில் வெட்ட வேண்டும். நான் செய்வதாக இருந்தால் செம்பை விட்டு மரத்தைக் காட்டுவேன்.

மழைக்காலத்தைப் பற்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பலகை ஒட்டும் வேலையை நிறுத்திவையுங்கள். ஈரம் குடித்துப் பருத்த பலகையை ஜூலையில் ஒட்டினால் ஜனவரியில் இடைவெளி விடும். வாங்கிய மரத்தைச் சில மாதம் வீட்டுக்குள்ளேயே கட்டிலுக்கு அடியில் கிடக்கவிட்டு, நவம்பரில் தொடங்குங்கள். மழை மாதங்களில் பீரங்கி வண்டி, நங்கூரம், சிற்பம் என்று சின்ன வேலைகள் நிறைய இருக்கின்றன. மேல்பூச்சுக்கு நீங்கள் பழகிய ஸ்பிரிட் பாலிஷே நல்லது. ஆனால் அதிலுள்ள அரக்கு ஈரக்காற்றில் வெளிறிப் பால் பூத்ததுபோல் ஆகும். காய்ந்த நாளில் அடியுங்கள். தளம் போடுவதற்கு முன் உடலின் உட்பக்கத்துக்கும் ஒரு கோட் அடித்தால்தான் மரம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஈரத்தைச் சந்திக்கும்.

பெட்டியை எல்லாரும் காற்றுப் புகாமல் அடைக்கத்தான் நினைப்பார்கள். அது தவறு. மரமும் எம்.டி.எஃப். பலகையும் கொஞ்சம் கொஞ்சமாக அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். அடைத்த பெட்டியில் அது தங்கி, ஈயம் கலந்த வார்ப்புகளைத் தின்றுவிடும். நங்கூரமும் பீரங்கியும் வெள்ளைப் பொடியாக உதிரும். பழைய மாதிரிகளில் இது தெரிந்த நோய். ஈயத்தைத் தொடாதீர்கள், பீடத்தில் நாலைந்து துளை போட்டு மெல்லிய வலை ஒட்டுங்கள். கண்ணாடி மூலைகளுக்கு வினிகர் வாசனை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அதே அமிலம்தான் அதிலும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். எல்.இ.டி. போட்டால் அதன் டிரைவர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்.

கடைசியாக, அந்த ஷெல்ஃப் இருக்கும் சுவர் வெளிச்சுவரா என்று பாருங்கள். ஆகஸ்டில் அதைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டினால் பெட்டியை ஒட்டி வைக்காமல் பின்னால் இரண்டு அங்குலம் விட்டு வையுங்கள். அப்போது ஷெல்ஃபின் ஆழம் 10 அங்குலமாகிவிடும். பாய்மரத்தோடு செய்திருந்தால் குறுக்குக் கழி இடிக்கும். ஏழு அங்குல உடல் தாராளமாக அடங்கும்.