பத்தாயத்தின் மேல் ரயில் ஓடுமா?

கேள்வி: எனக்கு 63 வயது, கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஊர் செம்பனார்கோயில் பக்கம். ஒன்பது வயதில் சிங்கப்பூர் மாமா ஒரு ட்ரைஆங் ஹார்ன்பி பொம்மை ரயில் செட் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு சக்கர டேங்க் இன்ஜின், ஏழெட்டு வேகன், கொஞ்சம் தண்டவாளம். ஐம்பது வருஷமாகப் பரணில் கிடந்ததை இப்போது இறக்கியிருக்கிறேன். ரேழியில் நெல் கொட்டாத பழைய பத்தாயம் இருக்கிறது, மேல்பலகை ஐந்தே கால் அடி நீளம், இரண்டரை அடி அகலம். அதற்கு மேல் ஓர் அங்குலம்கூடக் கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பழக்கமான ஒருவர், "இந்த இடத்தில் அந்த ரயில் ஓடவே ஓடாது, செட்டை மூவாயிரத்துக்கு எனக்குக் கொடுங்கள், 48 ஆயிரத்தில் N கேஜ் என்ற இன்னும் சின்ன ரயில் செட் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருகிறேன்" என்கிறார். பாதி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சார். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பரணில் இருக்கும்வரை அது இரும்புக்கடைச் சரக்கு, அவர் கைக்குப் போன மறுநாள் "வின்டேஜ்", இரண்டும் ஒரே வாயிலிருந்துதான் வரும். இந்த மாதிரி ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், முக்கால்வாசிப் பேருக்கு ரயிலைப் பிரித்து மாட்டத் தெரியாது, விலை மட்டும் தெரியும். பாதி முன்பணம் வாங்கிக்கொண்டு "கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது" என்று ஆறு மாதம் கதை சொல்லி, கடைசியில் பெட்டி உடைந்த ஏதோ ஒரு செட்டைத் தலையில் கட்டிய கதைகள் என் மேஜைக்கே நாலைந்து வந்திருக்கின்றன.

ஆனால் ஒன்று, அவர் சொன்னதில் பாதி உண்மை. உங்கள் ரயில் ஓஓ அளவு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. அதில் இருப்பதிலேயே சின்ன வட்டம் முதல் ரேடியஸ், 371 மி.மீ. வட்டத்தின் குறுக்களவு 742. உங்கள் பலகை இரண்டரை அடி, அதாவது 762. "பக்கத்துக்குப் பத்து மில்லி மிச்சம் இருக்கிறதே" என்று ஆசாரி சொல்வார். அந்த 742 தண்டவாளத்தின் நடுக்கோட்டில் அளந்த கணக்கு. ரயில் பெட்டி நடுக்கோட்டிலிருந்து 17, 18 மி.மீ. வெளியே நிற்கும், வளைவில் இன்னும் கொஞ்சம் துருத்தும். ஆக, பெட்டி பத்தாயத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டுதான் போகும். வட்டம் நடக்காது. N கேஜ் என்றால் 9 மி.மீ. தண்டவாளம், இரண்டடி அகலத்திலேயே அழகாகச் சுற்றும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் வயதில் அந்தச் சக்கரத்தைத் தண்டவாளத்தில் உட்கார வைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். தவிர இன்ஜின் எடை குறைவு, ஒரு பொட்டுத் தூசி இருந்தால் நின்றுவிடும். ரேழியில் தூசிக்கா பஞ்சம்?

ஆனால் உங்களுக்கு எதற்கு வட்டம்? மாயவரத்திலிருந்து உங்கள் ஊர் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு மீட்டர் கேஜ் ரயில் போனது, 1926-ல் போட்டு 1986-ல் மூடிய பாதை. சின்ன வயதில் நீங்களே அதில் ஏறியிருப்பீர்கள். அது என்றைக்காவது வட்டமாகச் சுற்றியதா? ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று போய்க் கடற்கரையில் நின்றது, மறுபடி வந்த வழியே மாயவரம். ரயில் என்றால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது செட் விற்கிறவர்கள் பெட்டி மேல் போட்ட படம். பத்து நிமிஷம் சுற்றினால் பேரன்கூட எழுந்து போய்விடுவான்.

நீங்கள் போட வேண்டியது ஒரு கூட்ஸ் யார்டு. இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் போட்ட இங்கிள்நூக் என்ற அமைப்பு, சின்ன இடத்துக்கென்றே பிறந்தது. மூன்று சைடிங், அதாவது வேகன் நிறுத்தும் கிளைத் தண்டவாளம், ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. இவை சேரும் இடத்துக்கு முன்னால் ஷன்டிங் நெக், இன்ஜின் முன்னும் பின்னும் போய் வேகன் மாற்றுகிற துண்டுத் தண்டவாளம், அதில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் கொள்ளும். பாயின்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடம், இரண்டே இரண்டு. எட்டு வேகன்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்தும் நீளமான சைடிங்கில் கோத்து நிற்க வேண்டும், இதுதான் ஆட்டம். எத்தனை விதமான வரிசை வரும் தெரியுமா? 6,720. தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு வருஷம் ஆகும். ஒரு வேகன் கொக்கியோடு சேர்த்துச் சுமார் எட்டரை செ.மீ., பாயின்ட் ஒன்று 168 மி.மீ., கூட்டிப் பாருங்கள், நாலடிக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும். மிச்ச இடத்தில் நெல் மூட்டை அடுக்கிய கொட்டகை, வேண்டுமானால் அகஸ்தியம்பள்ளி மாதிரி உப்புக் குவியல். அகலம் ஓரடி போதும், மீதியில் வீட்டுக்காரம்மா துணி மடித்து வைக்கட்டும், சண்டையும் வராது.

"மீட்டர் கேஜுக்கு 16.5 சரியாகுமா, நம்ம அகலப் பாதை 1676 மி.மீ. ஆயிற்றே" என்று யாராவது கணக்குப் பேச வருவார்கள். ஓஓ என்பது நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு. 1676-ஐ 76-ஆல் வகுத்தால் 22 வரும், மீட்டர் கேஜுக்குப் பதிமூன்று வரும், எதற்கும் 16.5 பொருந்தாது. அந்தப் பிரிட்டிஷ் ஓஓ அவர்கள் ஊர் ரயிலுக்கே பொருந்தாது, ஏழு அங்குலம் குறைவான பாதையாக வரும், எண்பது வருஷத்துக்கு மேலாக அதில்தான் ஓட்டுகிறார்கள். விடுங்கள்.

சரி, இன்ஜின். இருக்கிற தண்டவாளத்தில் ஒரு துண்டை எடுத்து ஈரமில்லாமல் துடைத்து இன்ஜினை அதன் மேல் வையுங்கள். புது 9 வோல்ட் பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர், ஆளுக்கொரு தண்டவாளம். நகர்ந்தால் நல்லது, முனகினாலும் நல்லது. எதுவுமே இல்லையென்றாலும் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, பழைய எண்ணெய் கோந்தாகிப் பிடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், நம் ஊரில் எல்லாருக்கும் அந்தப் பழக்கம், பூட்டிலிருந்து ஃபேன் வரை அதுதான். தையல் மிஷின் எண்ணெய், அதுவும் ஊசி நுனியில் எடுத்து அச்சில் ஒரு சொட்டு. கார்பன் தேயும் செம்பு வளையத்தில் எண்ணெய் படவே கூடாது, அதைக் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், செல்போன் ரிப்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும். மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் இன்ஜினில் இருப்பது பெரும்பாலும் எக்ஸ்04 மோட்டாராக இருக்கும், அதன் காந்தத்தை வெளியே எடுத்தால் வலு குறைந்துவிடும், அவர் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுவார்.

இனி நான் கத்தப்போகிற விஷயம். மின்சாரம். ரயிலுக்கு வேண்டியது 12 வோல்ட் டிசி. அதைக் கொடுக்கும் பெட்டி எந்த நாட்டுக்குச் செய்தது என்று பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அமெரிக்கப் பெட்டி 120, நம் வீட்டில் 230. தெரிந்தவர் ஒருவர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டியை, பிளக் பொருந்தவில்லையே என்று இரண்டு ரூபாய்க் கன்வர்ட்டர் பின்னை மாட்டிச் சொருகினேன். நானேதான், இத்தனை வருஷ அனுபவத்தோடு. மூன்று நிமிஷம் ரயில் ஓடியது, நாலாவது நிமிஷம் பெட்டி ஓரத்திலிருந்து புகை, மேஜை விரிப்பில் உள்ளங்கை அளவு கருகல் இன்னும் இருக்கிறது. பின் மாற்றினால் வோல்ட் மாறாது. பழைய செட் விற்கிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், "சும்மா பின் மாத்திக்கோங்க சார்" என்பார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்டுவிட்டு வெளிநாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் தூக்கிப்போட்டவர்களும் உண்டு. பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். அதில் "இன்புட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 100-240 என்று, நடுவில் கோடு போட்டு, இரண்டு எண் இருந்தால் எந்த நாட்டிலும் போடலாம், செல்போன் சார்ஜர் மாதிரி. 100 என்று ஒரே எண்தான் என்றால் கூடாது. 120 என்று ஒரே எண் என்றாலும் கூடாது. தூக்கிப் பார்த்தால் கனமாக, உள்ளே இரும்பு இருப்பது போலத் தெரிந்தால் அநேகமாக ஒரே எண்தான் இருக்கும், ஆனால் கனத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் கூடாது. "நான் ஓட்டிப் பார்த்தேன் சார்" என்று விற்கிறவர் சத்தியம் செய்தாலும் கூடாது.

உங்கள் மாமா கொண்டுவந்த பெட்டி 240 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும், அளவு சரிதான், ஆனால் ஐம்பது வருஷத்து ஒயர் உள்ளே பொடிப்பொடியாக உதிரும். அதை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிசிடிவிக்குப் போடும் 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர், அதோடு டிசி மோட்டார் ஸ்பீடு கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன போர்டு, ரிவர்ஸுக்கு ஒரு டிபிடிடி சுவிட்ச், நடுவில் 1 ஆம்ப் ஃபியூஸ், எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். டிஜிட்டல் கன்ட்ரோல் அது இது என்பார்கள், ஐந்தடியில் ஒரே இன்ஜினுக்கு எதற்கு?

பழைய தண்டவாளம் இரும்பாக இருந்தால் ஐப்பசி கார்த்திகையில் நம் ஈரத்துக்குத் துரு பிடித்தே தீரும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறலில் அழுக்கு இன்னும் ஏறும். பெரிய செலவு ஒன்று செய்வதென்றால் இதில் செய்யுங்கள்: நிக்கல் சில்வர் தண்டவாளம் இரண்டு மூன்று நீளம், பாயின்ட் இரண்டு. "கோட் (code) 100" என்று கேட்டு வாங்குங்கள், அது தண்டவாளத்தின் உயரத்தைச் சொல்லும் எண். 75 பார்க்க அழகு, ஆனால் உங்கள் பழைய சக்கரத்தின் விளிம்பு பெரியது, அதில் தட்டித் தட்டிப் போகும். உள்ளூர் ஸ்டாக் வைத்திருப்பவரிடமே, பொருள் கைக்கு வந்த பிறகு பணம் என்று பேசுங்கள். நேராக வெளிநாட்டில் ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், ரத்தக் கொதிப்பு வரும். ஸ்கேல் மாடலும் கிலுகிலுப்பையும் சுங்கத்தில் ஒரே தலைப்பு, 9503. இருபதாக இருந்த வரியை 2020-ல் 60 சதவீதம் ஆக்கி, 2023-ல் 70 ஆக்கினார்கள். போதாததற்குப் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை எங்கே என்று ஒரு அதிகாரி பெட்டியை நிறுத்தி வைப்பார், இது 63 வயதுக் குழந்தைக்கு சார் என்று யார் போய் விளக்குவது? "கிஃப்ட் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள்" என்பார்கள், தபாலில் கூரியரில் அந்தக் கதவு 2019 டிசம்பரிலேயே மூடியாயிற்று, உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு. ரயிலை ராக்கி என்று எழுத முடியாது.

பத்தாயத்தில் நேராக ஆணி அடிக்காதீர்கள். 12 மி.மீ. பிளைவுட், ஈரம் தாங்கும் ரகத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை போட்டது, அடியில் ரீப்பர் சட்டம், தனிப் பலகையாகச் செய்து மேலே வையுங்கள். முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதைக் கடையிலேயே குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், விளிம்பைப் பாருங்கள், அடுக்குக்கு அடுக்கு ஓட்டை தெரிந்தால் வேண்டாம். சுவரை விட்டு நாலு விரல் தள்ளி இருக்கட்டும், கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். ஆட்டம் முடிந்ததும் பழைய வேட்டியைப் போட்டு மூடுங்கள், பல்லி எச்சம் தண்டவாளத்தில் விழுந்து காய்ந்தால் இன்ஜின் அந்த இடத்தில் நிற்கும். ஒயரைப் பலகைக்கு அடியில் தொங்க விடாமல் பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து விடுங்கள். பத்தாயத்தில் நெல் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எலிக்குத் தெரியாது.